ஞாயிறு இல்லாத நாட்காட்டி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், நாங்கள் நால்வரும் சனிக்கிழமை மாலைகளில் கூடும் மாடியறையின் சுவரில் ஆறடிக்கு நான்கடி அளவில் ஒரு தனிம அட்டவணை தொங்குகிறது. ஃபிளெக்ஸில் அச்சிட்டது. வலப்பக்க மேல்மூலையில் ஹீலியத்துக்குரிய கட்டத்தின் கீழ்ப்பாதியை ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு மூடியிருக்கிறது. அதன்மேல் நீல மையில், பள்ளி ஆசிரியர்களுக்கே வாய்க்கும் வட்டவட்டமான கையெழுத்தில் மூன்று வரிகள். அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் நூற்றுப் பதினெட்டுக் கட்டங்களையும் விட்டுவிட்டு முதலில் அந்தத் துண்டைத்தான் பார்க்கிறார்கள். 'அச்சுப்பிழையா?' என்று கேட்பார்கள். 'ஆமாம்' என்று சொல்லி இத்தனை நாளும் சமாளித்து வந்தோம். அச்சகத்தார் மீது பழி போடுவது எளிது. ஆனால் அந்தப் பிழை முழுக்க முழுக்க எங்களுடையது.

மெண்டலீவ் தம் அட்டவணையை வெளியிட்ட 1869இலிருந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆனதை முன்னிட்டு, 2019ஐ ஆவர்த்தன அட்டவணைக்கான ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்திருந்தது. எங்கள் அறைக்கு மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஓர் அட்டவணை செய்து மாட்டினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. எங்களில் மூவர் இலக்கியம் படித்தவர்கள். ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். வேதியியலுக்கும் எங்களுக்குமான உறவு பள்ளியோடு முடிந்துபோன ஒன்று. துணைக்கு, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமைகளில் வந்து சாய்வு நாற்காலியில் அமர்ந்து நாங்கள் பேசும் கவிதைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஐயா என்றுதான் அழைப்போம்.

பெயர்களிலேயே ஒரு மாதம் போயிற்று. ஹீலியத்தைப் 'பரிதியம்' என்று எழுத வேண்டும் என்றார் ஒருவர். கிரேக்கத்தில் ஹீலியோஸ் என்றால் கதிரவன், ஆகையால் பொருள் அப்படியே வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். பிள்ளைகளின் பாடநூலில் ஹீலியம் என்றிருக்க, சுவரில் வேறொன்று இருந்தால் குழம்புவார்கள் என்றார் ஐயா. அந்தச் சச்சரவை இங்கே விரிக்கவில்லை; தமிழ்க் கூட்டம் எதிலும் அது நடப்பதுதான். கடைசியில் ஒவ்வொரு கட்டத்திலும் பாடநூல் பெயர், கண்டறியப்பட்ட ஆண்டு, இடம் ஆகிய மூன்றும் போதும் என்று முடிவாயிற்று.

இடம் என்ற அந்த மூன்றாவது வரிதான் எங்களை வழுக்கிவிட்டது. பிரெஞ்சுத் தடம் படிந்த ஊர்க்காரர்கள் நாங்கள். அட்டவணையில் பிரான்சுக்கு எத்தனை கட்டங்கள் என்று எண்ணத் தொடங்கினோம். காலியம், பிரான்சின் பழைய லத்தீன் பெயரான காலியாவிலிருந்து வந்தது, 1875. லுட்டீஷியம், பாரீசின் பழம்பெயரால் அமைந்தது, 1907. பிரான்சியம், மார்கரித் பெரே என்னும் பெண்மணி 1939இல் கண்டது. (துய்மா வீதியும் அணு எடைகளை ஆராய்ந்த துய்மாவின் பெயரால் அமைந்ததுதானே என்றார் வங்கி நண்பர். நாவலாசிரியர் துய்மா என்றுதான் மற்ற மூவரும் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். இரண்டும் இல்லை, 1735 முதல் 1741 வரை இங்கே ஆளுநராக இருந்த துய்மா அவர்.) இப்படி எண்ணிக்கொண்டே போகையில், நம் நாட்டின் பெயர் ஒரு கட்டத்திலும் இல்லையே என்ற ஏக்கம் வந்தது. அப்போதுதான் ஒருவர் குண்டூரை நினைவூட்டினார்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் ஒன்று இந்தியாவின் மேற்குக் கரையில் நுழைந்து மசூலிப்பட்டினம் வழியே வங்கக் கடலில் இறங்கியது. அதைக் காண குண்டூரில் முகாமிட்டிருந்தார் பியேர் ழான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர். அங்கேதான் அவர் ஹீலியத்தைக் கண்டார் என்று நாங்கள் எங்கெங்கோ படித்திருந்தோம். பிரெஞ்சுக்காரர் ஒருவர், நம் கரைக்கு வந்து, சூரியனிலிருந்து ஒரு தனிமத்தை எடுத்துத் தந்திருக்கிறார்! புதுச்சேரிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 'ஹீலியம், 1868, குண்டூர்' என்று எழுதினோம்.

ஐயா மறுத்தார். "குண்டூர்னு போடாதீங்க தம்பி. அங்க பாத்தது ஒரு கோடு. தனிமம் இல்ல" என்றார். நாங்கள் ஆதாரம் காட்டினோம்: ழான்சென், நார்மன் லாக்யர் இருவர் முகங்களையும் பொறித்து 1872இல் பிரெஞ்சு அரசு பதக்கமே வெளியிட்டிருக்கிறதே! ஐயா அதற்குமேல் பேசவில்லை. வாக்கெடுப்பு வைத்தோம். நாலுக்கு ஒன்று. அச்சுக்குப் போய்விட்டது.

அட்டவணை மாட்டிய இரண்டாம் வாரம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி அதன்முன் நெடுநேரம் நின்றாள். பிறகு எங்களிடம் வந்து, "சார், சூரியன்ல இருக்கற வாயுவ குண்டூர்லேருந்து எப்படி சார் புடிச்சாங்க? அது புதுசுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாள். எங்களில் ஒருவர் நிறமாலை என்று தொடங்கி இரண்டு வாக்கியத்தில் நின்றுபோனார். ஐயா நாற்காலியில்தான் இருந்தார். எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கருணையைத் தாங்க முடியவில்லை. மறுவாரம் சொல்வதாக அவளிடம் தவணை வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தோம்.

படித்தபின் தெரிந்தவற்றில் முதலாவது இது. கிரகணத்தின்போது சந்திரனின் கரிய விளிம்புக்கு வெளியே செந்நிறச் சுடர்நாக்குகள் நீண்டு தெரிவதுண்டு. அவை என்ன என்பது அன்றைய பெரிய கேள்வி. நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது அவற்றின் ஒளி தனித்தனிப் பிரகாசமான கோடுகளாகப் பிரிந்தது; ஆகவே அவை எரியும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன் என்று தெளிவாயிற்று. அன்று அதைக் கண்டவர் ழான்சென் மட்டுமல்லர். குண்டூரிலேயே ஆங்கிலேயரான டென்னன்ட் தனிக் குழுவோடு இருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் போக்சன். அவருடைய உதவியாளரும் நம்மவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியில். (பின்னாளில், 1874இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடந்ததைப் பற்றி இந்திய மொழிகள் பலவற்றில் சிறு நூல் எழுதியவர் இவர். அவருக்கென்று ஒரு தனிக் கட்டுரை எழுதத்தான் வேண்டும்.) கோடுகளில் மஞ்சளாக ஒன்று இருந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சோடியத்தின் கோடென்று கொண்டார்கள். உப்பைத் தீயில் போட்டால் தெரிகிற அதே மஞ்சள். ஐயுற யாருக்கும் காரணமில்லை.

ழான்சென் செய்த சாதனை வேறு. இவ்வளவு பிரகாசமான கோடுகளைக் காணக் கிரகணம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. அன்று பிற்பகல் மேகம் மூடிவிட்டது. மறுநாள் காலை, முழுச் சூரியன் காய்ந்துகொண்டிருக்கையிலேயே, விளிம்பின்மீது கருவியைத் திருப்பிச் சுடர்நாக்குகளின் கோடுகளைக் கண்டுவிட்டார். ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் காட்சியை நாள்தோறும் காணக்கூடியதாக்கினார். அதே வழியை லாக்யர் இங்கிலாந்தில் தாமாகவே அக்டோபர் 20 அன்று கண்டார். இருவர் கடிதங்களும் பாரீசின் அறிவியல் கழகத்தில் ஒரே அமர்வில், அக்டோபர் 26 அன்று, படிக்கப்பட்டன. நாங்கள் ஆதாரமாகக் காட்டிய பதக்கம் இதற்குத்தான். ஹீலியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ழான்செனின் கடிதத்தில் புதிய தனிமம் என்ற பேச்சே இல்லை.

மஞ்சள் கோட்டை நிறுத்தி அளந்து பார்த்தவர் லாக்யர். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் விழுகின்றன; இது 587.6இல் விழுந்தது. மயிரிழை வேறுபாடு. ஃபிராங்க்லாண்ட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, அழுத்தத்தை மாற்றி மாற்றி ஹைட்ரஜனிலிருந்தே அந்தக் கோட்டை வரவழைக்க முயன்று தோற்றபின்தான் புதிய தனிமம் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. ஹீலியம் என்ற பெயர் 1871இல் பொது மேடையில் ஒலித்தது. வேதியியலாளர்கள் பெரும்பாலும் நம்பவில்லை. எடை தெரியாது, எதனோடு சேரும் என்று தெரியாது, ஒரு சிட்டிகைகூடக் கையில் இல்லை. அதை எந்தக் கட்டத்தில் வைப்பது?

அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்றே எங்களுக்கு முதலில் பட்டது, அடுத்த ஆண்டின் கதையைப் படிக்கும்வரை. 1869 ஆகஸ்டில், மெண்டலீவின் அட்டவணை வெளிவந்த அதே ஆண்டில், அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சூரியனின் வெளி ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு தென்பட்டது. அதுவும் பூமியில் அறிந்த எதனோடும் பொருந்தவில்லை. கொரோனியம் என்று பெயரிட்டார்கள். மெண்டலீவே தம் இறுதிக்காலத்தில் அதற்கு ஹைட்ரஜனுக்கும் முன்னால் ஓர் இடம் ஒதுக்கிப் பார்த்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, குரோட்ரியான், எட்லேன் ஆகியோரின் ஆய்வில் அதன் உண்மை வெளிப்பட்டது: கடும் வெப்பத்தில் பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு! மஞ்சள் கோடு தனிமமாயிற்று. பச்சைக் கோடு பொய்த்துப்போயிற்று. பார்த்தவர்களின் கண்ணும் கருவியும் ஒன்றேதான். ஐயா சொன்ன 'கோடு, தனிமம் இல்ல' என்பதன் கனம் எங்களுக்கு இங்கேதான் உறைத்தது.

சரி, மெண்டலீவ் ஏன் ஹீலியத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைக்கவில்லை? அவருடைய புகழே காலிக் கட்டங்களால் வந்ததுதானே? அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கி, குணம் ஒத்தவை ஒரே தொகுதியில் வருமாறு அமைத்தபோது, சில இடங்களில் வரிசை முறிந்தது. அங்கே இன்னும் காணப்படாத தனிமம் இருக்கிறது என்று துணிந்து இடம்விட்டார். அவற்றுக்கு 'ஏக' என்ற வடசொல்லை முன்னொட்டாக்கிப் பெயரிட்டார்: அலுமினியத்துக்கு அடுத்த இடம் ஏக-அலுமினியம், அவ்வாறே ஏக-போரான், ஏக-சிலிக்கான். ஏகாதசியில் கேட்ட ஏகம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் போய் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். (இதையும் அட்டவணையில் எங்காவது நுழைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.)

1875இல் லெகோக் த புவாபோத்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் காலியத்தைக் கண்டார். அதன் அடர்த்தி 4.7 என்று வெளியிட்டார். மெண்டலீவிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது: இது என்னுடைய ஏக-அலுமினியம், இதன் அடர்த்தி 5.9 அளவில் இருக்க வேண்டும். உங்கள் மாதிரி தூய்மையற்றதாக இருக்கலாம். காலியம் அப்போது உலகில் ஒருவர் கையில்தான் இருந்தது. அதைக் கண்ணாலும் கண்டிராத ஒருவர், வைத்திருப்பவரைப் பார்த்து உன் அளவு தவறு என்கிறார். புவாபோத்ரான் மீண்டும் தூய்மைப்படுத்தி அளந்தார். 5.9. எளிதில் உருகும் என்று மெண்டலீவ் சொல்லியிருந்ததும் பலித்தது. ஏறத்தாழ 30 டிகிரியில் உருகிவிடும் உலோகம் அது. எங்கள் ஊரின் சித்திரை மாதத்தில் மேசைமேல் கட்டியாக நிற்காது. பிறகு 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம் என்று மற்ற இரு கட்டங்களும் நிரம்பின.

இதைப் படிக்கையில் எங்கள் ஊரின் ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. 1825இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். தரையில் சோழிகளை வைத்து, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளைக்கொண்டு, அவ்வாண்டு மே 31இல் தொடங்கிய சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். ஏடும் எழுத்தும் இல்லாமல் இவ்வளவு நெருங்கியது வியப்பு. வாரன் அந்தப் பிசகையும் சேர்த்தே நமக்கு விட்டுச்சென்றிருப்பது அதைவிட எங்களைக் கவர்ந்தது. நாங்கள் எழுதியிருந்தால் 'துல்லியமாகக் கணித்தார்' என்று எழுதியிருப்போம்.

ஹீலியத்துக்கு வருவோம். மெண்டலீவ் விட்டவை வரிசையின் நடுவே விழுந்த ஓட்டைகள். இருபுறமும் அண்டை வீட்டார் இருந்ததால்தான் நடுவில் ஒரு வீடு குறைகிறது என்று தெரிந்தது. ஹீலியமும் அதன் உறவினரும் எதனோடும் எளிதில் சேராத மந்த வாயுக்கள்; அந்தத் தொகுதி முழுவதுமே அன்று அறியப்படவில்லை. ஒரு நாட்காட்டியில் ஒரேயொரு செவ்வாய்க்கிழமை விட்டுப்போனால் உடனே கண்ணில் படும். எல்லா வாரங்களிலும் ஞாயிறே இல்லாவிட்டால்? சனிக்கு அடுத்துத் திங்கள் சீராக வந்துகொண்டேயிருக்கும். குறை ஒன்றும் தெரியாது. 1865இல் நியூலண்ட்ஸ், ச ரி க ம ப த நி முடிந்து எட்டாவதாக மீண்டும் சட்ஜம் வருவதுபோல, தனிமங்களிலும் எட்டாவதில் குணம் திரும்புகிறது என்றார். லித்தியத்திலிருந்து எட்டாவது சோடியம், அதிலிருந்து எட்டாவது பொட்டாசியம். அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று கூட்டத்தில் ஒருவர் அவரைக் கேலி செய்தார். கேலி செய்தவரும் அவரும் அறியாதது, நடுவே ஒரு சுரமே ஒலிக்காமல் இருந்தது என்பது. மந்த வாயுக்களைச் சேர்த்தால் அது ஒன்பதாவதில்தான் திரும்புகிறது.

அந்த விடுபட்ட ஞாயிறு மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 1894இல் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றிலிருந்து ஆர்கானைப் பிரித்தார்கள். அதற்கு இடமில்லை என்பதால், மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்ததாக இருக்கலாம் என்று மெண்டலீவே ஐயுற்றார். பிறர் காலியத்தைத் தம் அட்டவணை கொண்டு திருத்தியவர், தம் அட்டவணையைத் திருத்த வந்ததை எளிதில் ஏற்கவில்லை. 1895 மார்ச்சில் ராம்சே, யுரேனியம் கொண்ட கிளீவைட் என்னும் கனிமத்தை அமிலத்தில் இட்டு வெளிவந்த வாயுவை ஆராய்ந்தார். யுரேனியக் கனிமத்திலிருந்து வந்த அத்தகைய வாயுவை முன்பே அமெரிக்காவில் ஹில்லிபிராண்ட் என்பவர் சேகரித்து, நைட்ரஜன் என்று கருதி விட்டிருந்தார். ராம்சேயின் குழாயில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதுவல்ல. குரூக்ஸ் அளந்து உறுதி செய்தார். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் பலர் கண்டும் காணாமல் போன அதே கோடு. 1898இல் நியான், கிரிப்டான், செனான் மூன்றும் வந்தபின் அட்டவணைக்குப் புதிதாக ஒரு தொகுதியே சேர்ந்தது, மெண்டலீவும் ஏற்றுக்கொண்டார்.

யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியம் பிறக்கிறது என்பது அதன்பின் தெரியவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் உண்டு. ஆகவே அந்த மணல்மணிகளுக்குள்ளும் ஹீலியம் சிறைப்பட்டிருக்கிறது. சூரியனில் தேடியது காலடியில் இருந்திருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் அந்தச் சிறுமியின் முகம் மலர்ந்தது. குண்டூர்க் கதை அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "அப்ப சுவத்துல இருக்கறது தப்பா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

தப்பு என்று ஒப்புக்கொண்டோம். புதிதாக அச்சிடப் பணமில்லை. ஐயாவே ஒரு காகிதத்தை அளந்து வெட்டிவந்து எழுதினார்: '1868: இந்தியாவில் கிரகணத்தன்று பலர் கண்ட மஞ்சள் கோடு. லாக்யர் அளந்து ஐயுற்றார். 1895: லண்டனில் ராம்சே கையில் கிடைத்தது.' பசை தடவி ஒட்டிவிட்டு, துண்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "மூணு வரியில அடங்கிடுச்சு பாருங்க" என்றார். வாக்கெடுப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம். தமிழகத்தின் சில பகுதிகளில் வளையமாகத் தெரிந்தது, புதுச்சேரியில் பிறையாக. பிள்ளைகளைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்றோம். இதே ஊரில் 1769 ஜூன் 4 அன்று, வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண ஒன்பது ஆண்டு அலைந்து வந்து காத்திருந்த லெ ழான்தீ, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிவிட, ஒன்றும் காணாமல் திரும்பினார். எங்களுக்கும் மேகம் வந்து வந்து போயிற்று. கிரகணக் கண்ணாடியை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். ஐயாவின் முறை வந்தபோது கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றாமலேயே, "இந்தக் கண்ணாடியில மஞ்சள் கோடெல்லாம் தெரியாது, யாரும் எழுதி வச்சிடாதீங்க" என்றார். அவர் எங்களைச் சீண்டியது அந்த ஒருமுறைதான். நால்வரும் சிரித்தோம், நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கினாற்போல இருந்தது.

இப்போது முழங்கால் வலியால் ஐயா மாடியேறுவதில்லை. நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போய்வருகிறோம். காகிதத் துண்டின் இடது ஓரம் பிரிந்துவிட்டது. அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கப் பிள்ளைகள் நகத்தால் உரிக்கிறார்கள்; 'குண்' என்ற இரண்டெழுத்து வெளியே வந்துவிட்டது. புதிதாக எழுதிக் கொடுங்கள், ஒட்டிவிடுகிறோம் என்று போன வாரம் அவரிடம் கேட்டோம். "எதுக்கு தம்பி? உரிச்சுப் பாக்கட்டும், விடுங்க" என்றார்.